வாசலில் ஒரு வண்டி அளவு இடம்

இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவன் நான். இரண்டு பக்கமும் தள்ளுவண்டிகள் அடைத்து நிற்கும் தெருக்களில் ஒரு விரல் இடைவெளியில் வண்டியைத் திருப்பியிருக்கிறேன், ஒரு கீறல் விழுந்ததில்லை. அப்படிப்பட்டவனுக்குச் சொந்த வீட்டு வாசலில் ஒரு சின்னக் காரை நிறுத்த இடமில்லாமல் போய்விட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றுதான் பெயர். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஊருக்கே பார்வை சரிசெய்வார், ஆனால் தன் மூக்குக்கு முன்னால் இருப்பது மட்டும் அவருக்குத் தெரியாது. மாடி கட்ட ஆரம்பித்தார். அவர் வாசலில் கேட்டைத் திறந்து மூட வேண்டியிருந்ததால் மணல் லாரி என் வாசலில் கொட்டிவிட்டுப் போனது. அடுத்த நாள் ஜல்லி வந்தது, அதற்கடுத்த நாள் செங்கல். "ரெண்டே மாசம்தான், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். மணல் அவருடையது, மாடி அவருடையது, பொறுமை மட்டும் என்னுடையதாக இருக்க வேண்டுமாம்.

எனக்காக என்றால் பொறுத்திருப்பேன். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டுத் திரும்பும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பாள். வீட்டுக் கதவிலிருந்து வாசலில் நிற்கும் காருக்குப் பதினோரு எட்டு. அவளே எண்ணி வைத்திருந்தாள்.

"பதினொன்னு வரைக்கும் நடந்துடுவேங்க. பன்னெண்டாவதுல காலு யோசிக்க ஆரம்பிச்சுடுது" என்று சிரிப்பாள். தூக்கிக்கொண்டு போகிறேன் என்றால் விடமாட்டாள். "தூக்கிப் பழக்கிட்டா அப்புறம் நடக்க மறந்துடுவேன்" என்பாள்.

காரை இரண்டு தெரு தள்ளி, விளையாட்டு மைதானத்து மதிலோரம் நிறுத்தத் தொடங்கினேன். முதல் செவ்வாய்க்கிழமை அவளை மணலைச் சுற்றி நடத்திக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அவளை மருத்துவமனையில் விட்டுவிட்டு நேராக வந்து மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டேன். ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும். கையில் கரண்டியோடு நின்றார்.

"உள்ள ஒரு நோயாளி இருக்கா, தெரியுமாய்யா உனக்கு? வியாழக்கிழமை காலையில இந்த இடம் காலியா இல்லேன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன்!"

தெருவில் எல்லா ஜன்னலும் திறந்தன. எனக்கு இந்தத் தெரு வைத்திருக்கும் பெயர் 'ஹாரன்'. அன்றைக்கு அந்தப் பெயருக்கு நியாயம் செய்தேன். மேஸ்திரி கரண்டியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை காரோடு வந்தால், வாசலில் சரியாக ஒரு வண்டி அளவு இடம் காலியாக இருந்தது. மணலை ஒதுக்கி, தரையைப் பெருக்கி, அவள் கால் வைக்கும் இடத்தில் ஒரு பலகையும் போட்டிருந்தது. சனிக்கிழமையும் அப்படியே, அடுத்த செவ்வாயும் அப்படியே. மேஸ்திரி தலையைக் குனிந்து கலவை கலந்துகொண்டிருப்பார், என் பக்கம் திரும்பமாட்டார். பயம் விட்டுப்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"பாத்தியா? சத்தம் போட்டாத்தான் வேலை நடக்கும்" என்று அவளிடம் பெருமை அடித்தேன்.

"ஆமாமா, சத்தம் நல்லாத்தான் கேட்டுச்சு" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

யார் அந்த இடத்தை ஒதுக்குகிறார்கள், எப்போது ஒதுக்குகிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. விடிந்ததும் கிளம்பி மைதானத்துக்கு நடந்துபோவேன். அங்கே போய் டயரைத் தட்டிப் பார்த்து, எண்ணெய் பார்த்து, தண்ணீர் பார்த்து, கண்ணாடிகளைத் துடைத்து, எஞ்சினைக் கொஞ்சநேரம் ஓடவிட்டுத்தான் எடுப்பேன். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போனவனின் பழக்கம், அரைமணி நேரம் பிடிக்கும். ஒரே ஒருத்தியை ஏற்றிப் போவதற்கும் அதே அரைமணி நேரம்.

வீட்டில் இன்னொரு கண்காணிப்பும் என்னுடையது. அவள் ஒரு நாளைக்கு ஆறு சின்ன டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம், அதற்கு மேல் உள்ளே போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். காலையில் அந்தச் சின்ன டம்ளரால் ஆறு எண்ணி ஒரு பாட்டிலில் ஊற்றி அவள் பக்கத்தில் வைப்பேன். வேலை தொடங்கி இரண்டு வாரம் இருக்கும், அவள் உட்காரும் ஜன்னல் விளிம்பில் பெரிய ஜக் ஒன்றைப் பார்த்தேன். காலியாக இருந்தது, அடியில் ஈரம். இரண்டு நாள் கழித்தும் அப்படியே.

"திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறியா?"

"நான் குடிக்கலீங்க."

"பின்ன ஜன்னலா குடிச்சுது?"

மருத்துவமனையில் எடை பார்த்த நர்ஸ், எடை ஏறவில்லை, ரொம்பக் கட்டுப்பாடாக இருக்கிறார்கள் என்று பாராட்டினாள். எடை பார்க்கும் இயந்திரம் பழுது என்று நான் அந்த நர்ஸிடமும் சண்டை போட்டேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. மதியம் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பினால் வாசலை அடைத்துக்கொண்டு சிமென்ட் லாரி நின்றது. நான்கைந்து பேர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் அடித்தேன், இறங்கிக் கத்தினேன். லாரி ஓட்டுநர், "பாதி மூட்டையோட எப்படிங்க நகத்துறது?" என்றான். இருபது நிமிடம் வெயிலில் காத்திருந்தோம். அவள் காருக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். என் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்லீங்க, வீடு வந்துடுச்சுல்ல" என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

திங்கட்கிழமை நகராட்சி அலுவலகம் திறக்கும்போதே போய் நின்றேன். போட்டோக்களோடு புகார் எழுதிக் கொடுத்தேன். வழக்கமாக ஆமை வேகத்தில் நகரும் அலுவலகம், அன்றைக்கென்று பார்த்துச் சுறுசுறுப்பாக இருந்தது. மாலையே இரண்டு பேர் வந்து கண்ணாடிக்காரர் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள், மணலையும் ஜல்லியையும் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். வேலை நிறுத்தம். நான் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். கண்ணாடிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை மைதானத்திலிருந்து காரோடு வந்தேன். இடம் இல்லை. வாசலை முழுக்க அடைத்துக்கொண்டு மணல் கிடந்தது, அதைச் சுற்றி நாடா.

நோட்டீஸை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். பொறியாளர் வந்து பார்வையிடும்வரை எந்தப் பொருளையும் இருக்கும் இடத்திலிருந்து அகற்றக் கூடாது. மீறினால் கட்டட அனுமதி ரத்து.

அகற்றச் சொல்லித்தான் புகார் கொடுத்தேன். அகற்றவே கூடாது என்று முத்திரை குத்தி வாங்கி வந்திருக்கிறேன்.

மண்வெட்டியை எடுத்து இரண்டு தடவை வாரிப் போட்டேன். கண்ணாடிக்காரர் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டார். "கை வைக்காதீங்க. அனுமதி போச்சுன்னா என் வீடு பாதியிலயே நின்னுடும்."

"அப்ப இவ எப்படி வருவா?" என்று கத்தினேன். "மேஸ்திரி எங்க? எங்கய்யா அந்த ஆளு?"

என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அவரு வரமாட்டாருங்க. நீங்கதானே நிறுத்தினீங்க."

அப்புறம்தான் சொன்னாள். நான் கத்திய அன்று சாயங்காலம் மேஸ்திரி ஜன்னலுக்கு வந்து, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று அவளிடம் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அந்த மூன்று நாளும், மற்ற ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், நான் டயரைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், தனியாக வந்து அள்ளி ஒதுக்கியிருக்கிறார். அவர் குடிக்கத்தான் அவள் ஜக்கில் தண்ணீர் வைத்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவருதான் சொல்ல வேணாம்னாரு. சார் சத்தம் போட்டதுனால செஞ்சேன்னு நினைக்கட்டும்க்கா, அவருக்கும் ஒரு ஆறுதல் வேணும்லன்னாரு."

நான் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றேன். "அதை வைங்க. இன்னொருத்தர் பொழப்புலயும் கை வைக்காதீங்க" என்றாள்.

செங்கல் அடுக்குக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு ஆள் போகும் வழிதான் இருந்தது, சக்கர நாற்காலி நுழையாது. அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். குறுகலான தெரு, முனையில்தான் காரை நிறுத்த முடிந்தது. அங்கே நாற்பத்தாறு எட்டு. அந்தத் தடவை எண்ணியது நான். கண்ணாடிக்காரர் பாதி வழியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். போட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.

மறுநாளே புகாரைத் திரும்ப வாங்கப் போனேன். "கொடுத்ததோட உங்க வேலை முடிஞ்சுது. இனிமே அது ஃபைல் பாடு" என்றார் குமாஸ்தா. பொறியாளர் விடுப்பில் இருந்தார். வந்ததும் வேறு வேலையாகப் போனார். தினமும் போனேன். முதல் இரண்டு நாள் கத்தினேன், அதற்குப் பிறகு கெஞ்சினேன். வாரம் மூன்று நாள், போக நாற்பத்தாறு, வர நாற்பத்தாறு. நாற்காலியில் உட்காரும் நேரம் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது. கடைசி வாரத்தில் அவளே "தூக்கிக்குங்க" என்றாள்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை, இயந்திரத்தில் இருக்கும்போதே அவளுக்கு இதயம் நின்றுவிட்டது.

நடந்ததனால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை என்றார். இதயம் முன்னாலேயே பலவீனம், எப்படியும் நடந்திருக்கும் என்றார். வேறு வேறு நாளில் மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையேதான் சொன்னார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. நம்பத்தான் முடியவில்லை.

அவள் போய் எட்டு நாள் கழித்துப் பொறியாளர் வந்தார். ஐந்து நிமிடம் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், நாடாவை அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியும் நேரத்தில் வெளியே மணல் வாரும் சத்தம் கேட்டது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் கார்ச் சாவிக்குக் கை போனது.

கதவைத் திறந்தேன். மேஸ்திரி முக்கால்வாசி இடத்தை ஒதுக்கிவிட்டிருந்தார். பலகையும் போட்டாயிற்று. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"என்ன சார், இன்னும் வண்டி எடுக்கப் போகலையா? மணி ஆகுதே. வேற ஊர்ல வேலையா இருந்தேன், நேத்துத்தான் ஒப்பந்தக்காரர் சொல்லியனுப்பினாரு. இத்தனை வாரம் அக்காவுக்கு ரொம்பச் சிரமமா இருந்திருக்கும்." ஜன்னலைப் பார்த்தார். "மூடியிருக்கே. அக்கா இன்னும் எழுந்திருக்கலையா?"

வேலையை நிறுத்தியது யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"அக்கா இல்லப்பா" என்றேன். "போயிட்டா. ரெண்டு வாரம் ஆகப் போகுது."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் படியில் உட்கார்ந்தேன். எனக்கு முதல்தடவையாக அழுகை வந்தது. என் வீட்டுக்காரிக்காக இன்னொருவர் அழுவதைப் பார்த்ததும்தான் வந்தது.

கொஞ்சநேரம் கழித்து அவர் எழுந்தார். "மீதியையும் அள்ளிடறேன் சார்" என்றார்.

"எதுக்குப்பா? இனிமே யாருக்கு?"

"ஆரம்பிச்சுட்டேன்ல" என்றார். பெருக்குமாறை எடுத்து ஓரங்களைக்கூடப் பெருக்கினார்.

நான் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தேன். சமையலறையில் அந்த ஜக்கைத் தேடி எடுத்தேன். சின்ன டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அதில் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று. உதடு தானாக எண்ணியது. ஆறு வந்ததும் கை நின்றுவிட்டது. ஜக் பாதிகூட நிறையவில்லை. ஏழாவது டம்ளரை ஊற்ற எனக்குக் கை வரவில்லை. வெளியே அவர் தாகத்தோடு பெருக்கிக்கொண்டிருந்தார்.