மேல் கூளம்

விடிவதற்குள் முனிலட்சுமிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாம் ஷெட்டின் வடக்கு மூலையில் குனிந்தவள் இரும்பு வாரியால் கூளத்தைக் கிளறிக்கொண்டே பாதி ஷெட் வரை வந்திருந்தாள். கோழிகளுக்குப் படுக்கையாகப் பரப்புகிற தென்னை நார்த்தூளுக்குத்தான் கூளம் என்று பெயர். காய்ந்திருந்தால் கைக்குள் பொலபொலவென்று உதிரும். இந்த ஷெட்டில் அது உதிர்கிற ஜாதியாக இல்லை. தண்ணீர்க் குழாயில் கோழிகள் கொத்திக் குடிக்க வரிசையாக மாட்டியிருக்கும் நிப்பிள்கள் இரவு பகலாகச் சொட்டி, தண்ணீரும் எச்சமும் சேர்ந்து, குழாய் நெடுகக் கூளம் தட்டுத் தட்டாக இறுகிக் கிடந்தது. வாரியை அழுத்தினால் தட்டு பெயரும். பெயர்ந்த இடத்திலிருந்து ஒரு நெடி கிளம்பி, கண்ணைக் கரித்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் நாள் முழுக்க எதைத் தின்றாலும் அந்த ருசிதான்.

ஐப்பசி மழை நான்கு நாளாக விடவில்லை. சாரல் அடிக்காமலிருக்கப் பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கிவிட்டிருந்தார்கள். அதனால் நெடியும் வெளியே போகவில்லை. ஐயாயிரம் கோழிகள் ஈரத்தில் மிதித்து மிதித்துப் பாதத்தில் கறுப்பாகப் புண் வாங்கியிருந்தன. தட்டுக்கு அடியில் கருவண்டுகள் கும்பலாக ஓடின. சொட்டுகிற நிப்பிள்களுக்கு சைக்கிள் டியூப் துண்டைக் கட்டிவைத்தாள். எலி அதைக் கடித்துவிட்டுப் போனது. சுத்தமாக, காய்ந்து, பூச்சி புழு இல்லாமல் ஷெட்டை வைத்துக்கொள்வதுதான் அவள் வேலை என்று ஓனர் அடிக்கடி சொல்வார். சொல்லுகிற வாய்க்குக் குழாயை மாற்ற மட்டும் கை வராது.

நாலடி தள்ளி சுகுணா அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஈரத்தின் மேல் சுண்ணாம்புத்தூளை வெறுங்கையால் தூவிக்கொண்டிருந்தாள். நாட்றாம்பாளையத்திலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருஷம் ஆன பெண். முந்தின நாள் ஓனர் ஹரீஷ்குமார் வாசலில் நின்றபடியே மூக்கைப் பொத்திக்கொண்டு, சுண்ணாம்பைப் போட்டால் ஈரம் இழுத்துக்கொள்ளும் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தார்.

"யக்கா, சுண்ணாம்பு போட்ட எடத்துல நாத்தம் இன்னும் ஏறுதுக்கா."

"ஏறும்டி. எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியுது. படிச்ச மனுசனுக்குத் தெரியலயே."

சுகுணா சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, விடியலில் போன கரண்ட் வந்தது. அவளுக்கு நேர் எதிரே இருந்த பெரிய மின்விசிறி சுழன்று கூடையில் இருந்த சுண்ணாம்பை அப்படியே வாரி அவள் முகத்தில் அடித்தது. கூடை விழுந்தது. கோழிகள் அலறிச் சிதறின. சுகுணா இரண்டு கையாலும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

முனிலட்சுமி அவளை இழுத்துக்கொண்டு வெளியே தொட்டிக்கு ஓடி, குடம் குடமாகக் கண்ணில் ஊற்றினாள். முதல் ஷெட்டிலிருந்து நூர் முகமது ஓடி வந்தான். பங்களாவிலிருந்து ஹரீஷ்குமாரும் வந்தார். ஈரமும் எச்சமும் சுண்ணாம்புமாக நின்ற பெண்ணைப் பார்த்தார், போர்ட்டிகோவில் நின்ற தன் காரைப் பார்த்தார்.

"நூரு, உன் வண்டிலயே கூட்டினு போயிடு. கார்ல ஏத்தினா சீட்டு நாறிடும்."

நூர் முகமது மொபெட்டைக் கிளப்பினான். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சுகுணாவைச் சேர்த்துவிட்டு, அவள் அம்மா வந்து சேர்ந்த பிறகு பத்து மணிக்குப் போன் செய்தான். கருவிழி வெந்துபோயிருக்கிறது, பார்வை எவ்வளவு நிற்கும் என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும், இனி அந்த நெடிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னாராம்.

மத்தியானம் ஹரீஷ்குமார் குடையோடு வந்தார்.

"நாளைக்குக் காலைல, குஞ்சு குடுக்கற கம்பெனியிலருந்து ஷெட்டச் செக் பண்ண சுபாஷ் சார் வராரு. பின்னாடி காஞ்ச தூள் பதினஞ்சு மூட்டை எறக்கியிருக்கேன். மூணு ஷெட்லயும் போட்டு நெரவிடுங்க."

முனிலட்சுமி சொட்டுகிற குழாயைக் காட்டினாள். "சார், குழாய மாத்துங்க. எத்தன வாட்டி சொல்றது. பாதி நிப்பிளு தேஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு கண்ணே போயிகினு இருக்குது."

"கரண்ட் வந்து ஃபேன் ஓடினதுக்கு நான் என்னம்மா பண்றது? குழாய்னு சும்மா சொல்லிகினு இருக்காத. ரிப்போர்ட்டப் பாரு." போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "ஏழு விசிட்டு. ஏழுலயும் கூளம் உலர்வா இருக்குன்னு சுபாஷ் சாரே எழுதியிருக்காரு. காஞ்சு கெடக்கற கூளத்துக்கு இன்னாத்துக்குக் குழாய் மாத்தணும்?"

அந்த ஏழு தடவையும் காய வைத்தது முனிலட்சுமியின் கைதான்.

இந்தப் பண்ணைக்கு வந்த புதிதில், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அவளே கண்டுபிடித்த வித்தை அது. காய்ந்த தூளைச் சலித்து, ஈரத்தின் மேல் இரண்டு விரல் கனத்துக்குத் தூவ வேண்டும். அதற்கு மேல் போனால் புதுசு என்று காட்டிக்கொடுத்துவிடும். தூவியதும் கோழிகளை அதன் மேல் இரண்டு நடை ஓட்டிவிட வேண்டும். இறகும் எச்சமும் விழுந்து, பார்க்கிறவனுக்குப் பத்து நாள் பழசு போலிருக்கும். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த தனக்கு இப்படி ஒரு கைவேலை இருக்கிறதே என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட உண்டு. நூர் முகமதுக்குக் கற்றுக்கொடுத்தாள். மூன்றாம் ஷெட் ராமப்பனுக்குக் கற்றுக்கொடுத்தாள். சுகுணாவுக்கும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

போகிற போக்கில் ஹரீஷ்குமார் இன்னொன்றும் சொன்னார். "சுகுணா எடத்துக்கு வேற ஆள் பாத்துட்டேன். அவ அம்மா வந்தா இங்க அவ தங்கியிருக்கற ரூம காலி பண்ணச் சொல்லு."

சாயங்காலம் மழை சற்று விட்டபோது முனிலட்சுமி, நூர் முகமது, ராமப்பன் மூன்று பேரும் தொட்டியடியில் நின்றார்கள். நூர் முகமது ஆத்திரத்தில் இருந்தான்.

"வேலைய நிறுத்திடுவோம்க்கா. ஒரு கோழிக்கும் தீனி போடக் கூடாது. அப்ப வருவான் வழிக்கு."

"கோழி நமக்கு இன்னாடா பாவம் பண்ணுச்சு? செத்தா நாமதான் கொன்னோம்னு சொல்வான். தீனி போடலாம், தண்ணி விடலாம், கெளறலாம். மூடறது மட்டும் வேணாம். நாளைக்கு ஒரு பிடி தூள் மேல போடக் கூடாது. உள்ளது உள்ளபடி கெடக்கட்டும்."

ராமப்பன் ஐம்பத்தெட்டு வயது மனிதர். பதற்றம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார். "பேட முனிலட்சுமி, பேட. வேணாம்மா. அடுத்த பேட்ச் குஞ்ச கம்பெனிக்காரன் நிறுத்திட்டா நாம எங்க போறது? ஓசூர் ஃபேக்டரில வேல கேட்டா என் வயசப் பாத்து கேட்லயே அனுப்பிடுவான்."

"மாமா, நாம நல்லா மூடினோம். அதனாலதான் அவன் ஒண்ணும் மாத்தல. சுகுணா கண்ணுல விழுந்தது சுண்ணாம்பு மட்டும் இல்ல. என் வேலையும் சேந்துதான் விழுந்தது."

ராமப்பன் தலையைக் குனிந்துகொண்டு தன் ஷெட்டுக்குப் போய்விட்டார். மூடுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் ஒருவர் மூடிவிட்டால் போதும், மற்ற இருவரும் சோம்பேறிகள் என்று ஆகிவிடும். முனிலட்சுமி அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

காலை ஒன்பது மணிக்குச் சுபாஷ் வந்தார். காலுக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு முதல் ஷெட்டில் நுழைந்தவர், நான்கு எட்டில் நின்றுவிட்டார். உறையோடு கால் சேற்றில் இறங்கியிருந்தது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இரண்டாம் ஷெட்டை வாசலிலிருந்தே பார்த்தார். ஹரீஷ்குமாரின் முகம் கறுத்தது.

"இன்னாம்மா இது? தூள் எங்க?"

"மூட்டைல அப்படியேதான் இருக்குது சார். மேல போட்டா காஞ்சாப்பல தெரியும், காயாது. ஏழு வாட்டியும் அப்படித்தான் போட்டோம்." முனிலட்சுமி சுபாஷைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"சார், இதுங்க ரெண்டும் சோம்பேறிங்க. மூணாவது ஷெட்ட வந்து பாருங்க. ராமப்பன் பொறுப்பான ஆளு."

எல்லோரும் மூன்றாம் ஷெட்டுக்கு நடந்தார்கள். வாசலை நெருங்கியதும் ஹரீஷ்குமார்தான் முதலில் நின்றார். உள்ளே போக வழியில்லை. இறுகிய ஈரத் தட்டுகளை விடிய விடியப் பெயர்த்து, வாசல் அகலத்துக்கும் முழங்கால் உயரம் அடுக்கி வைத்திருந்தார் ராமப்பன். தட்டுகளில் வண்டு ஊர்ந்தது, ஈ மொய்த்தது. அவர் பக்கத்திலேயே வாரியை ஊன்றி நின்றிருந்தார்.

"உள்ள வரணும்னா இதத் தாண்டித்தான் வரணும் சார். நாங்க தெனம் இதுலதான் நிக்கறோம்."

"யார்யா உன்ன இப்படிப் பண்ணச் சொன்னது?" என்றார் ஹரீஷ்குமார்.

"நாங்க," என்றான் நூர் முகமது. "குழாய மாத்துங்க. பழச அள்ளிப் போட்டுட்டுப் புதுத்தூள் போடுங்க. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மூடி குடுங்க. சுகுணா வைத்தியத்தப் பாருங்க. அவ ரூமு அவளுக்குத்தான்."

"மொதல்ல உங்க ரூம பாருங்கடா. சாயங்காலத்துக்குள்ள மூணு ரூமும் காலியாகணும். குஞ்சு வரலன்னா நான் ஒருத்தன் மட்டும் நட்டப்படுவேன்னு நெனச்சீங்களா?"

"காலி பண்ணச் சொல்றதுன்னா எழுதிக் குடுங்க சார். எதுக்காகன்னும் எழுதுங்க," என்றாள் முனிலட்சுமி. அவளுக்கே அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சுபாஷ் தட்டுகளைப் போட்டோ எடுத்தார். போனில் எதையோ தட்டினார். "மேல அனுப்புறேன். மேல இன்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது," என்று ஹரீஷ்குமாரிடம் சொல்லிவிட்டு, இவர்கள் பக்கம் திரும்பாமலே வண்டியேறினார். ஹரீஷ்குமார் அவர் பின்னாலேயே ஓடினார்.

அன்று மூன்று பேரும் கோழிகளுக்குத் தீனி வைத்தார்கள், படுதாவைத் தூக்கிவிட்டார்கள், செத்துக் கிடந்த பதினொன்றைப் பொறுக்கிக் குழியில் போட்டார்கள். மத்தியானம் சுகுணாவின் ரூம் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாலையில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. ராமப்பன் பக்கத்துப் பண்ணையில் வேலை செய்கிற தன் மச்சானுக்குப் போன் போட்டு, அங்கேயும் நிப்பிள் சொட்டுகிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். சொட்டுகிறதாம். அங்கேயும் மேலே தூவித்தான் மூடுகிறார்களாம். சாயங்காலம் இவர்களோடு வந்து உட்கார அங்கிருந்து நான்கு பேர் வருவதாகச் சொன்னார்களாம்.

முனிலட்சுமியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சுகுணா.

"யக்கா, சுபாஷ் சார் விசிட்டு இன்னைக்குத்தான? வந்துட்டுப் போயிட்டாரா? மூடிட்டீங்களா?"

"இல்லடி. யாரும் மூடல."

"ராமப்பன் மாமா கூடவா?"

"அவருதான் எல்லாத்துக்கும் மேல."

"அய்யோ. அப்ப நாத்தம் அடிக்குமேக்கா."

"அடிக்கட்டும்டி," என்றாள் முனிலட்சுமி. "இன்னைக்குத்தான் அது பங்களா வரைக்கும் போயிருக்குது."