அறுபத்து நாலாவது வரி

ஞாயிற்றுக்கிழமை பலகையைத் திறந்து வைக்கப் பேராயர் வருவதாக ஏற்பாடு. சபைச் செயலர் சனிக்கிழமை காலையில்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைக் கடைசி வரி வரை படித்தார். படித்து முடித்ததும் அவர் போட்ட சத்தத்தில் ஆலயத்து உத்தரத்துப் புறாக்கள் இடம் மாறி உட்கார்ந்தன.

ஏழடி உயரப் பலகை. உச்சியில் அரையடி வெறுமையாக விட்டு, "1. பேதுரு". அங்கிருந்து ஒருவர் தலையில் ஒருவர் கை வைத்துப் பதவி கொடுத்து இறங்கி வந்த பேராயர்கள் வரிசை, தங்க எனாமலில். அறுபத்து மூன்றாமவர் இப்போதிருக்கும் பேராயர். அதற்கடுத்த எண்ணைப் போட்டு, பின்னால் வரப்போகிறவருக்காக வரியைக் காலியாக விடச் சொல்லியிருந்தார் செயலர். அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது: "64. ஒட்டகம் ஆர்ட்ஸ், மூன்றாம் தலைமுறை."

பலகை எழுதிய ஓவியருக்கு முதலில் தப்பே புரியவில்லை. வேலை முடிந்து கீழே காலி இடம் தெரிந்தால் அவர் கை தானாகக் கடைப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவிடும். முப்பது வருஷத்துப் பழக்கம். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பலகையும் கடையை விட்டு வெளியே போனதில்லை; போட்டதை அழித்ததும் இல்லை.

"வேணும்னே செஞ்ச வேலை!" என்றார் செயலர். "நீங்க போற சபையில பேராயரே கிடையாது. நினைச்சவன் எழுந்து பிரசங்கம் பண்றான். அந்தத் திமிர்ல எங்க சங்கிலியில வந்து தொங்குறீங்க. இப்பவே அழிங்க. இல்லேன்னா பலகை, உடைஞ்ச பெஞ்செல்லாம் கிடக்கிற அறைக்குப் போயிடும்."

ரெண்டு மாத உழைப்பு. உடைந்த பெஞ்சோடு. ஆனாலும் ஓவியர் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க சங்கிலியில தொங்கணும்னு எனக்கென்ன சார் தலையெழுத்து? வேதத்துல எங்க இருக்கு இந்தச் சங்கிலி?"

செயலர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கேள்வி கேட்டவனை விட்டுவைத்த வரலாறு கிடையாது. "யூதாஸ் இடம் காலியானதும் மத்தியாவை எடுத்தாங்களா இல்லையா?"

"எடுத்தாங்க, சீட்டுப் போட்டு. அப்புறம் ஏரோது யாக்கோபை வெட்டினானே, அந்த இடத்துக்கு யாரை எடுத்தாங்க?"

செயலர் அடுத்த ஆளுக்குத் தாவினார். "பவுல் தீமோத்தேயு மேல கை வைக்கலையா?"

"பவுல் மேல கை வெச்சது யாரு? அனனியா. அவரு எந்த ஊர் பேராயர்?"

"ஊர் ஊரா மூப்பர்களை ஏற்படுத்தச் சொல்லித் தீத்துவுக்கு எழுதினாரே!"

"மூப்பர்களை ஏற்படுத்தச் சொன்னாரு. பலகையில ஏத்தச் சொன்னாரா? நீங்க எழுதக் குடுத்த பட்டியல்ல பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல நாப்பது வருஷம் காணோமேன்னு அன்னைக்கே கேட்டேன்."

"அந்த ஆவணம் நனைஞ்சு போச்சுய்யா!"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த ஓவியரின் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் செயலரின் சபைக்காரி. இந்த வேலையைச் சொல்லிக் கேட்டு வாங்கித் தந்தவளே அவள்தான்.

"நீங்க மட்டும் ஒழுங்கா? மூன்றாம் தலைமுறையாம்! எங்கப்பா யாரோ ஒருத்தர்கிட்ட கடையை வாங்கினாரு. ஒட்டகமே அந்த ஆள் வரைஞ்சு விட்டுட்டுப் போனது. நீங்க என்னைக் கட்டிக்கிட்டு வந்தவரு."

"உங்கப்பா தன் கையால என் கையில பிரஷ் குடுத்தாரா இல்லையா?"

"குடுத்தாரு. கழுவி வைக்கச் சொல்லி."

செயலர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். ஓவியர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் வாசலில் கார் நின்றது. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பேராயர் ஒரு நாள் முன்பே வந்துவிட்டார். செயலர் ஓடிப் போய் எதிரே நின்று பலகையை மறைக்கப் பார்த்தார். செயலர் ஐந்தடி, பலகை ஏழடி.

பேராயர் பேதுருவிலிருந்து படிக்கவில்லை. நேராகத் தன் பெயருக்கு வந்தார். அங்கேயே நின்றார்.

"என் டாக்டர் பட்டம் எங்கே?"

"கௌரவப் பட்டம்தானே ஐயா... வரியில இடம் போதலை..." என்று இழுத்தார் செயலர்.

"அடுத்த வரி இருக்கே. அதென்ன, ஒட்டகம்?"

"அது தவறுதலா... இப்பவே அழிச்சுடுவாரு ஐயா. ஆனா அந்த வரி உங்களுக்கு அப்புறம் வரப்போறவருக்கு..."

"வர்றவரு வேற பலகை செஞ்சுக்கட்டும்."

இரண்டாயிரம் வருஷமாக அறாத சங்கிலி அந்த இடத்தில் முடிந்தது.

ஓவியருக்கு இதுதான் சமயம் என்று பட்டது. "அழிக்கிறேன் ஐயா. ஆனா கையெழுத்து இல்லாம எங்க கடைப் பலகை வெளியே போனதில்லை."

"மேலே அவ்வளவு இடம் கிடக்குதே. போட்டுக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் பேராயர் காரில் ஏறினார்.

செயலர் வாயைத் திறந்தார். பேராயர் வாக்குக்கு மேல் வாக்கில்லை என்று கால் நூற்றாண்டாகச் சொல்லி வந்த வாய். மூடிக்கொண்டது.

டர்பன்டைன் துணியால் அறுபத்து நாலைத் துடைத்து, அங்கே டாக்டர் பட்டத்தை எழுதினார் ஓவியர். பிறகு ஏணி மேல் ஏறி, உச்சியில் ஒரு சுழிப்போடு கையெழுத்தைப் போட்டு இறங்கினார். முப்பது வருஷத்தில் இவ்வளவு உயரத்தில் போட்டதில்லை.

மனைவி இரண்டடி பின்னால் போய் நின்று, மேலிருந்து நிதானமாகப் படித்தாள். "ஒட்டகம் ஆர்ட்ஸ், மூன்றாம் தலைமுறை. ஒன்று, பேதுரு."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. பேதுருவுக்கு முன்னாடி மூணு தலைமுறை எங்கடான்னு நாளைக்கு யாராவது கேட்டா, ஆவணம் நனைஞ்சு போச்சுன்னு சொல்லிடுங்க."