மணி கட்டிய புத்தி

மாதேஸ்வரியின் புத்தி முதன்முதலாக மேயப் போனது, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்கு விற்ற வாரத்தில். பழுப்பு நிறம், ஆட்டுக்குட்டி உயரம், இடது காது கொஞ்சம் மடங்கியிருந்தது. ஓசூர் லைன் வீட்டின் சமையல் மேடையிலிருந்து குதித்து இறங்கி, தெருவைத் தாண்டி, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போயிற்று. அன்றைக்கு ரவை கருகியது. மறுநாள் ரசத்தில் சர்க்கரை விழுந்தது. அதற்கடுத்து குக்கரில் தண்ணீரே ஊற்றாமல் பருப்பை ஏற்றிவிட்டாள். கம்பெனியில் போல்ட் சோதிக்கும் வேலையில், ஒரு பிசகும் விடாதவள் என்று பெயர் எடுத்தவள் இவள். மகள் பிரவீனா பிறந்ததும் வேலையை விட்டாள். அதிலிருந்து விடிந்தால் அடைந்தால் அந்த ஒரே அறைதான். புத்திக்கும் மூச்சு முட்டாதா என்ன?

தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பிலிருந்து வந்த புருஷன் கந்தன், தீய்ந்த பாத்திரத்தைப் பார்த்துவிட்டு ஊர் உலகம் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டான்.

"உம் புத்தி எங்கடி மேயப் போச்சு?"

"டேம்முக்குங்க," என்றாள் அவள்.

பொய்யில்லை. அணைக்கரையில் மாடு மேய்க்கிற பக்கத்து வீட்டு சென்னப்பன், நல்ல புல்லாகப் பார்த்துத்தான் நிற்கிறது என்று சாட்சி சொன்னார். கந்தன் அதை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தான். கடுகு வெடித்து முடிவதற்குள் கயிறு மட்டும் கிடந்தது. வீடு தீப்பிடித்தால் குழந்தை என்னாகும் என்கிற பயம், மெஷின் முன்னால் நிற்கும்போதும் அவனை விடவில்லை.

பெங்களூர்ப் பக்கம் மழை கொட்டி அணையில் மதகு திறந்த அன்று, வழக்கம்போல் ஆற்றில் கழிவு நுரை பொங்கித் தரைப்பாலத்தை ஆள் உயரத்துக்கு மூடியது. பழுப்புக்குட்டி அதற்குள் போய்விட்டது. சென்னப்பன் தமிழில் கூப்பிட்டார், கன்னடத்தில் கூப்பிட்டார், தெலுங்கிலும் கூப்பிட்டுப் பார்த்தார். ம்ஹூம், வரவில்லை.

அதே நேரம் லைன் வீட்டில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. மாதேஸ்வரி கரண்டியோடு நின்றாள். நாற்றம் மூக்கில் ஏறியது. திருகு கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் நீட்டு என்று கைக்குச் சொல்ல வேண்டியது நுரைக்குள் திசை தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. பின்னால் தூளியில் பிரவீனா தூங்கினாள். பொழுது இறங்கி அறை இருட்டிவிட்டது. வெளியே கம்பெனி பஸ் வந்து நின்றது. கந்தனின் ஷூ சத்தம் படியேறியது. வந்ததும் லைட்டைப் போடுவது அவன் பழக்கம். சுவிட்ச் கதவை ஒட்டியே இருந்தது. பாவி மகள், அவளுக்கு எல்லாம் கேட்டது, ஒன்றும் செய்ய முடியவில்லை.

கதவு திறந்தது. தூளியில் குழந்தை இருமியது. சின்ன இருமல்தான். அணையில் நுரைக்கு மேலே ஒரு மடங்கிய காது விறைத்து நின்றதைக் கண்ணால் பார்த்ததாக சென்னப்பன் இன்றைக்கும் சொல்வார். அது ஓடியதை அவர் பார்க்கவில்லை. பாலத்து நுரை இரண்டாகப் பிளந்து கிடந்ததைத்தான் பார்த்தார். கந்தனின் விரல் சுவிட்சில் பட்டபோது, ஈரமாக ஏதோ ஒன்று அவன் கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது.

"லைட்டப் போடாதீங்க," என்றாள் மாதேஸ்வரி. "கேஸு."

அவன் கை அப்படியே நின்றது. அவள் திருகை மூடினாள், ஜன்னலைத் திறந்தாள், குழந்தையை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்து கதறினாள். அவளைத் திட்டுவதற்கென்று கந்தன் எத்தனையோ நாளாக யோசித்து வைத்திருந்தான். அதை விட்டுவிட்டு, அவனும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, சந்தையில் ஒரு மணி வாங்கிவந்து புத்தியின் கழுத்தில் கட்டினான். அது கிளம்பினால் லைன் முழுக்கக் கேட்கும். யாராவது, "மாதேஸு, அடுப்பு" என்று குரல் கொடுப்பார்கள். பதில் இல்லையென்றால் உள்ளே வந்து அணைத்துவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை சமையல் கந்தனுடையது; அன்று அது வயிறார மேயும்.

பிரவீனா இப்போது நடக்கிறாள். பால்சோறு ஊட்டினால், வாயில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிறாள். அந்த நேரத்தில் மணிச் சத்தத்துக்குப் பின்னால் பூனை அளவில் பழுப்பாக ஒன்று தத்தித் தத்திப் போகிறது. இப்போதைக்கு வாசல் வரைக்கும்தான். கந்தன் சந்தையில் சின்ன மணிக்குச் சொல்லி வைத்திருக்கிறான்.