எலி சாகாத மருந்து

அருமனைப் பக்கம் ரப்பர் மரத்துக்கு அடிக்கிற விஷத்துக்கும் மருந்து என்றுதான் பெயர், காய்ச்சலுக்கு விழுங்குவதற்கும் மருந்து என்றுதான் பெயர். இந்த ஒரு சொல் எத்தனை பேரை ஏமாற்றியதோ, யாருக்குத் தெரியும்.

செல்வதாஸ் தோட்டம் தோட்டமாகப் போய் மருந்து அடிக்கிறவர். மகள் ரெஜிலாவுக்குத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. ரப்பர் இலை உதிராமலிருக்க ஒரு கம்பெனி புது மருந்து இறக்கியது. சோதனை முடியுமுன்பே அதைத் தோட்டக்காரர்களுக்குச் சும்மா கொடுத்துப் பழக்கியும் விட்டது. அத்தனை அவசரம். அந்த மருந்து ரெஜிலாவின் கூடத்துக்கே சோதனைக்கு வந்ததில் செல்வதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. எப்படி இருக்கிறது என்று ஃபோனில் கேட்டார்.

"எலிக்கு ஒண்ணும் ஆவல்லப்பா. ஆனா இன்னும்..."

"எலியே சாவல்லியா? பின்ன மனுசனை அது என்ன செய்யும் மக்கா!"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். மறுநாளே கையுறையும் முகமூடியும் மூலைக்குப் போயின. வேர்த்து வழிகிற காலத்தில் அதையெல்லாம் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்பட அவருக்கென்ன தலையெழுத்தா? வெறுங்கையால் கலக்கினார். எலி நல்ல சாட்சிதான், எலிக்கு.

மிச்சமிருந்த சோதனை ரெஜிலாவுடையது. மனித ஈரலின் செல்களைச் சிறுசிறு குழிகள் உள்ள தட்டில் வளர்த்து, அதில் மருந்தை விட்டுப் பார்க்க வேண்டும். உயிருள்ள செல் தட்டின் அடியைப் பற்றிக்கொண்டிருக்கும், செத்தது உருண்டு மிதக்கும். நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். எந்தக் குழியிலும் பற்றிக்கொண்டிருந்தது ஒன்றுமில்லை. எலியின் ஈரல் உடைத்துத் தள்ளிய மருந்தை மனித ஈரல் கொடிய நஞ்சாக மாற்றிக்கொண்டது.

அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். அம்மா லீலாபாய்தான் எடுத்தாள்.

"அப்பாவுக்கு மஞ்சக்காமாலை ஏட்டி. கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தும் கேக்கல்ல. தக்கலை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. உனக்கிட்ட சொல்லாண்டாம்னாரு."

ரெஜிலா போய்ச் சேர்ந்தபோது அவர் வயிறு வீங்கிக் கிடந்தார். ரசாயனம் எதையாவது கையாண்டீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டியிருக்கிறார்.

"ஏம்ப்பா மறைச்சீங்க?"

"மறைக்கல்ல மக்கா. அது எனக்க மவ பாத்த மருந்தாக்கும், ஒண்ணும் செய்யாது. நான் வாயத் தொறந்தா உனக்கல்லா கெட்ட பேரு."

அவளுக்குக் கத்தி அழ வேண்டும் போலிருந்தது. டாக்டரிடம் ஓடி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். ஈரலில் இனி பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை என்றார். கம்பெனியும் அன்றைக்குத்தான் மருந்தை நிறுத்தச் சொன்னது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அப்பாவோடு மருந்து அடிக்கப் போகும் சுயம்புராஜ் சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். ரெஜிலா அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சி, அந்த மருந்தை இனி தொடாதீங்க. மனுசனைக் கொல்லும்."

"வெளையாடுதியா பிள்ளே? உங்க அப்பாதானே சொன்னாரு, எலிகூட சாவாதுன்னு. நாங்க எல்லாரும் வெறுங்கையாலதான கலக்குனோம்."

அவள் அவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தினாள்.

"என்னத்தப் பாக்க?" என்று அவர் சிரித்தார்.

கண்ணின் வெள்ளை மஞ்சளித்திருந்தது.