வெளுத்த கட்டைவிரல்

முடி வெட்டுகிறவனுக்குக் கட்டைவிரல் போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். உடைந்த கண்ணாடியை அள்ளப் போய், வலது கட்டைவிரலை மடக்கும் தசைநாணையே அறுத்துக்கொண்டார் அந்த மனுஷர். கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் போனது. மடங்கத்தான் மாட்டேன் என்றது.

டாக்டர் என்றாலே அவருக்கு ஆகாது. "என்னைத் தூங்க வைக்கக் கூடாது. என் விரலை என்ன பண்றீங்கன்னு நான் பாக்கணும்" என்றார்.

"நல்லதாப் போச்சு. நீங்க முழிச்சிருந்தாத்தான், தைச்சதும் மடக்கிக் காட்ட முடியும்" என்றார் டாக்டரம்மா.

மரத்துப்போகிற ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கிறது, அது ரத்தக்குழாயைச் சுருக்கும், ரத்தம் வந்து மறைக்காது, கையை இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை என்று சொல்லி ஊசியைப் போட்டார். அது வேலை செய்யட்டும் என்று அடுத்த அறைக்குப் போனார்.

வினை அங்கேதான் பிடித்தது. விரல் திட்டுத்திட்டாக வெளுத்து, பிறகு மொத்தமும் சுண்ணாம்பு பூசினாற்போல ஆகிவிட்டது. சவரத்தில் எத்தனையோ கன்னங்களை அழுத்திப் பார்த்தவர் அவர். அழுத்தின விரலை எடுத்தால் கன்னத்தில் ரத்தம் ஓடி வந்து சிவக்கும். இதை அழுத்தினார். வெளுப்பு வெளுப்பாகவே கிடந்தது.

"செத்துப்போச்சுடி."

கூட வந்திருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "வாய் நல்லாத்தானே இருக்கு உங்களுக்கு. உக்காருங்க."

உட்காருவாரா? முகம் வெளிறினால் சூடான துண்டைப் போட்டுத் தேய்ப்பது அவர் தொழில். நேரே தொட்டிக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து விரலை நீட்டினார். ஆவி பறந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள். "மரத்த விரலுக்குச் சுடுறது தெரியாதுய்யா. வெந்து போயிடும்."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்து விரலைத் திருப்பிப் பார்த்தார். நல்ல வேளை, தோல் பிழைத்தது.

"இது சாவு இல்லைய்யா. ரத்தம் குறைஞ்சிருக்கு, நிக்கலை. மருந்து இறங்க இறங்கத் தானா சிவக்கும். சிவக்கலைன்னா அந்த மருந்தை முறிக்கிற ஊசி இருக்கு."

"அதைக் கொண்டாந்து என் கண்ணு முன்னாடி வைங்க."

முறிக்கிற மருந்தின் சீசாவை எடுத்து வைத்தார். "நம்பிக்கை இல்லைன்னா இப்பவே நிறுத்திடலாம். விரல் சிவந்துடும். ஆனா மடங்காது."

அவர் விரலைப் பார்த்தார், சீசாவைப் பார்த்தார். பிறகு கையை மேசைமேல் நீட்டினார். "வெட்டுங்க. நான் கண்ணை எடுக்க மாட்டேன்."

எடுக்கவும் இல்லை. சதை திறந்தது, ரத்தம் பேருக்குத்தான் கசிந்தது. அறுந்த இரண்டு முனையையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள்.

"மடக்குங்க."

பாதி வழியில் நின்றது. "எங்கேயோ தட்டுது" என்றார். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். முடிச்சு தடித்து, நாண் போகும் பாதையில் இடித்தது. பிரித்து மறுபடி தைத்தார்.

"இப்போ?"

விரல் முழுசாக மடங்கியது. யாரும் கேட்காமலே இன்னொரு தரமும் மடக்கினார்.

கட்டுப் போட்டு, விரல்நுனியை மட்டும் வெளியே விட்டு, "வெளியே உக்காருங்க, நிறம் வரட்டும்" என்றார்கள். அதைச் சொல்லவே தேவையில்லை. பெஞ்சில் சாய்ந்தவர் விரல்நுனியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இப்படி முறைச்சா அது வெக்கப்பட்டுத்தான் சிவக்கணும்" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு."

வெயில் சாய்ந்த பிறகுதான் நகத்தடியில் லேசான சிவப்பு எட்டிப் பார்த்தது. கூடவே வலியும் வந்தது. நகத்தை அழுத்தினார், வெளுத்தது. விட்டார், ரத்தம் ஓடி வந்தது. மறுபடி அழுத்தினார்.

"இப்பவாவது டாக்டரை நம்புறீங்களா?"

"விரலை நம்புறேன்" என்று எழுந்தார்.