சஞ்சவுங்கில் இரண்டு கடைகள்

கதவை இழுத்துத் திறந்ததும் உள்ளேயிருந்து நாலைந்து பேர் ஒரே குரலில் ஏதோ கத்தினார்கள். விநாயகமூர்த்தி திடுக்கிட்டு ஒரு படி கீழே இறங்கிவிட்டார். பின்னால் நின்ற மருமகள் சாந்தகுமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“வாங்கன்னு சொல்றாங்க மாமா. ஜப்பான் கடையில இப்படித்தானாம்.”

“யாரையோ அடிக்கப் போறாங்கன்னு நெனச்சேன்.”

மணி ஆறுகூட ஆகவில்லை. அதற்குள் அந்தச் சின்னக் கடையில் பாதிக்கு மேல் ஆட்கள். சஞ்சவுங்கில் மட்டுமில்லை, யாங்கூன் முழுக்கவே இப்போதெல்லாம் இருட்டிய பிறகு யாரும் வெகுநேரம் வெளியே இருப்பதில்லை. குடிக்கிறவர்களும் வெயில் தாழ்ந்ததும் வந்து, ஒன்பதுக்குள் வீடு சேர்ந்துவிடுகிறார்கள். அடுப்பை ஒட்டிப் போட்டிருந்த நீளமான பலகைக்கு முன்னால் இரண்டு உயரமான நாற்காலிகள் காலியாக இருந்தன. விநாயகமூர்த்தி லுங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். எதிரே, தலையில் துண்டு கட்டிய பர்மாக்காரர் ஒருவர் கரித்தணலின் மேல் கோழிக்கறிக் குச்சிகளை அடுக்கி, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கொழுப்பு சொட்டும் இடத்தில் புகை எழுந்தது.

ஒசாகாவில் மகன் மோகனுக்கும் இதுதான் வேலை. கல்யாணமாகி ஐந்தாம் மாதம் ஜப்பான் போனவன். இரண்டே வருஷத்தில் சாந்தாவைக் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிப் போனான். ஐந்து வருஷம் ஆகிவிட்டது. நடுவில் அவனுடைய அம்மா இறந்தபோதும் வரவில்லை. வந்தால் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொள்வார்கள், திரும்பிப் போக முடியாது என்றான். அதற்கு மேல் யாரும் அவனை ஒன்றும் கேட்க முடியவில்லை. தாமுவேயில் மூன்றாவது மாடி வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள். அவள் விடியுமுன்பே கம்பெனி பஸ் பிடித்து ஷ்வேப்யிதாவின் தையல் ஃபேக்டரிக்குப் போவாள். அங்கே நாற்பது பெண்களுக்கு அவள் மேற்பார்வை. அவர் கடைகடையாகப் போய் ஜெனரேட்டர் பழுதுபார்ப்பார். சாயங்காலம் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் அரிசியைக் களைந்து வைப்பார்கள். அவ்வளவுதான் பேச்சு.

அதனால்தான் போன வாரம் அவர், “மோகன் வேலை பாக்கிற மாதிரி கடை இங்கயும் இருக்காமே, ஒரு நாள் போய்ப் பாப்பமா?” என்று கேட்டபோது அவள் களைந்த அரிசியோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, “போலாம் மாமா” என்றாள்.

பரிமாறும் பெண் வந்தாள். “ஊலே, என்ன குடிக்கிறீங்க?” என்று பெரியவரைப் பர்மிய மொழியில் முறை வைத்துக் கேட்டாள். அவர் பியர் சொன்னார். சாந்தா உணவுப் பட்டியல் அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமல், தனக்கும் ஒன்று என்றாள். கனமான கண்ணாடிக் குவளைகள் வந்தன. அவள் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தாள். ஆனால் குவளையைக் கீழே வைக்கவில்லை.

உப்பில் அவித்த பச்சைக் காய்கள் ஒரு கிண்ணத்தில் வந்தன. மொச்சை மாதிரிதான், உரித்துத் தின்ன வேண்டும். மொறுமொறுவென்று சுட்ட கோழித்தோல் வந்தது. கத்தரிக்காயைப் பாதியாகப் பிளந்து மேலே இனிப்பாக ஏதோ பூசிச் சுட்டுக் கொடுத்தார்கள். “இது நம்ம வாய்க்குச் சரியா இருக்கும் மாமா” என்று அவள் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஒவ்வொன்றையும் கவனமாகத் தின்றார். எந்தத் தட்டு முடிந்ததும் வந்த விஷயத்தைச் சொல்வது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே, ஒவ்வொரு தட்டாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். நடுவில் வெளியே ஜெனரேட்டர் இருமியது. விளக்குகள் மங்கித் தெளிந்தன.

“நாஸல் அடைச்சிருக்கு. சொல்லிட்டு வரட்டா?” என்று அவசரமாக எழப் பார்த்தார்.

“உக்காருங்க மாமா.”

உட்கார்ந்தார். அடுப்புக்காரரின் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “மோகன் என்கிட்டப் பேசுனான்மா. ரெண்டு மாசம் ஆச்சு. அங்க ஒரு பொண்ணோட இருக்கான். கொழந்த பொறந்திருக்காம்.”

பின்னால் ஒரு மேசையில் பிறந்தநாள் பாட்டுப் பாடிக் கைதட்டினார்கள். சாந்தா பச்சைக்காய் ஒன்றை உரித்து, உள்ளிருந்த மூன்று பருப்புகளையும் பலகையில் வரிசையாக வைத்தாள்.

“பொம்பளப் புள்ள” என்றாள். “சித்திரைத் தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடியே தெரியும் மாமா. அங்க இருக்கிற ஒரு சினேகிதி படம் அனுப்புனா. மூக்கு அப்படியே உங்க மூக்கு.”

இரண்டு மாதமாக மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவளைத் தேற்றச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட இப்போது உதவவில்லை.

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“சொன்னா அந்த வீட்டுல நான் யாரு?”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆலையில் நூல் நிறம் தவறியிருப்பதைச் சுட்டிக்காட்டுகிறவள் போலச் சொன்னாள். “மாவ்பியில அண்ணன் வீடு இருக்கு. போனா அண்ணி ஒரு மூலையில பாய் போட்டுக் குடுப்பாங்க. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம்னு நெனப்பேன். காலைல பஸ் வந்துரும்.”

விநாயகமூர்த்தி குவளையை எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார். மருமகள் மனசு உடைந்துவிடுமே என்றுதான் மறைத்தேன் என்று சொல்லிவிடலாம். நம்பவும் செய்வாள். ஆனால் அவளுடைய மூன்று பருப்புகளைப் பார்த்தபோது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

“உன்ன நெனச்சு மறைக்கலம்மா. என்ன நெனச்சுத்தான் மறைச்சேன். நீயும் போய்ட்டா, கதவத் தெறந்து உள்ள போனா ஒரு சத்தம் இருக்காது.”

அவள் அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. அழவில்லை. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவன் செஞ்சதுக்கு நான் என்ன சொல்றது. அவன் பேரு அந்த வீட்டுப் பத்திரத்துல இல்ல. நீ யாருன்னு எவனும் கேக்க வேண்டாம், நானும் கேக்க மாட்டேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அதுக்காக இருந்துதான் ஆகணும்னு இல்ல. ஒனக்கு முப்பத்தொண்ணுதான் ஆகுது.”

“எங்க போறதுன்னு இன்னும் யோசிக்கல மாமா.”

“யோசிம்மா.”

அடுப்புக்காரர் இரண்டு குச்சிகளைத் தணலிலிருந்து எடுத்து நேராக அவர்கள் தட்டில் வைத்தார். சூடாக இருக்கும்போதே சாப்பிடச் சொல்லிக் கையால் காட்டினார். இருவரும் ஊதி ஊதித் தின்றார்கள். கறி நன்றாக இருந்தது. அதுதான் விநாயகமூர்த்திக்கு ஆச்சரியமாக இருந்தது. இப்படி ஒரு பேச்சுக்குப் பிறகும் நாக்குக்கு ருசி தெரிகிறதே.

“அவன் சுடுறது இவ்வளவு நல்லா இருக்குமா?” என்றாள் சாந்தா.

“அவனா? அப்பளம் கருக்குறவன்.”

அவள் சிரித்த சிரிப்பில் பியர் மூக்கில் ஏறிவிட்டது. இருமி இருமிக் கண்ணீர் வழிந்தது. அது எந்தக் கண்ணீர் என்று அவர் பார்க்கவில்லை. தலையில் தட்டி, தண்ணீரை நகர்த்தினார். அவள் நெடுநேரம் முகத்தைக் கைக்குட்டையில் வைத்திருந்தாள். எடுத்தபோது கன்னத்தில் பூசியிருந்த தனாக்காப் பூச்சு முழுதும் கலைந்திருந்தது.

வெளியே வந்தபோது மழை பெய்து ஓய்ந்திருந்தது. மணி ஏழரை. டாக்சி பிடிக்கலாம் என்று அவர் கை தூக்கினார். அவள் தடுத்தாள்.

“அடுத்த தெருவுல இன்னொரு கடை இருக்காம் மாமா. தரையில உக்காந்து சாப்பிடுறதாம். எங்க ஃபேக்டரிப் பொண்ணுங்க சொல்லுவாங்க. போலாமா?”

“என் முட்டி மடங்காதேம்மா.”

“கால் தொங்கவிட மேசைக்கு அடியில பள்ளம் இருக்காம்.”

தேங்கிய தண்ணீரைச் சுற்றி நடந்தார்கள். இந்தக் கடையிலும் கத்தித்தான் வரவேற்றார்கள். இம்முறை அவர் பின்வாங்கவில்லை. பதிலுக்குத் தானும் ஏதோ ஒரு சத்தம் கொடுத்தார். பாய் விரித்த மேடையில் ஏறி, பள்ளத்துக்குள் காலை இறக்கி உட்கார்ந்தார். உண்மையிலேயே சௌகரியமாக இருந்தது. சாந்தா அட்டையை விரித்து, இதுவரை தின்னாதது எது என்று படத்துக்குப் படம் விரல் வைத்துத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் அவள் தோளுக்கு அப்பால் பார்த்தார். மேடைக்குக் கீழே பரிமாறும் பெண் ஒருத்தி குந்தி உட்கார்ந்து, அவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளை எடுத்தாள். அவருடைய தேய்ந்த ரப்பர் செருப்பு, சாந்தாவுடைய சிவப்பு வெல்வெட் செருப்பு. ஈரத்தைத் துணியால் ஒற்றி, எழுந்து போகிறவர்கள் அப்படியே கால் நுழைத்துக்கொள்ளத் தோதாக, இரண்டு ஜோடியையும் பக்கம் பக்கமாக வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.