பலூன்காரிகளுக்கு முன்னால்

"நடக்காத. ஓடு. நடக்கத்தான் போறேன்னா வீட்டுக்கும் நடந்தே வா."

மார்லா போட்ட சத்தத்தில் விளக்குக் கம்பத்து மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து அடுத்த கம்பத்துக்குப் போயின. மூடிப்போன சோபாக் கடை ஒன்றின் கார் நிறுத்துமிடம் அது. ஃப்ளோரிடாவில் வெயில் இறங்கினாலும் தார்ச்சூடு இறங்குவதில்லை. அந்தச் சூட்டில் அவள் மகள், ஒன்பது வயது ஹேட்டி, முகம் சிவக்க ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மார்லாவின் தம்பி ராய்ஸ், இடுப்பில் பலூன்களைக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க நடந்து வந்தான்.

"அக்கா, கொஞ்சம் விடேன். எனக்கே நாக்கு தள்ளுது."

"உன் நாக்கு என்னைக்குத்தான் உள்ள இருந்துச்சு? நிக்காம வா. அவ திரும்பிப் பாக்குறப்பல்லாம் பலூன் கண்ணுல படணும்."

பலூனுக்குக் காரணம் இருந்தது. சன்பீம் கோவ் பார்க்கில் வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஓட்டம். ராட்டினங்கள் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன், விடிந்தும் விடியாமலும், பார்க்குக்குள்ளேயே மூன்று மைல். ஜெயிப்பது தோற்பது என்று அதில் ஒன்றும் கிடையாது. ஆளாளுக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டு வருவார்கள். வழியில் பெலிகன் பறவையும் கடற்பசுவும் ஆளுயரப் பொம்மை உடுப்பில் நின்றுகொண்டிருக்கும். வரிசையில் நின்று அதுகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு சாவகாசமாகப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். எல்லாருக்கும் கடைசியாக, இடுப்பில் பலூன் கட்டிய இரண்டு பெண்கள் நடந்து வருவார்கள். அவர்கள் உங்களைத் தாண்டிவிட்டால் உங்கள் ஓட்டம் அவ்வளவுதான். பின்னாலேயே ஊர்ந்து வரும் பஸ்ஸில் உங்களை ஏற்றிவிடுவார்கள்.

போன வருஷம் ஹேட்டி அந்த பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள். அப்போது அவளோடு ஓடினவன் அவளுடைய அப்பா, மார்லாவின் முன்னாள் கணவன் கென்ட். கூடவே அவனுடைய புது மனைவி லேசி. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பூநாரை வேஷத்தில், ரோஸ் இறகுகளை விரித்துக்கொண்டு, பெலிகனுக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று பல்லைக் காட்டிய படத்தை ஊரே பார்த்தது. மார்லாவும் பார்த்தாள். இவர்கள் போட்டோவுக்கு வரிசையில் நின்ற நேரத்தில்தான் பலூன்காரிகள் வந்துவிட்டார்கள், என் பெண்ணைச் சாமான் மூட்டை மாதிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். அதன் பிறகு அவளுக்கு வேறு பேச்சே இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் அவள் ஹாம் நறுக்கித் தரும் கவுண்டரில் வந்து நின்றவர்களுக்கெல்லாம் இறைச்சியோடு இந்தக் கதையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். சர்ச் வாசலில் சொன்னாள். பல் டாக்டரிடம், வாயில் பஞ்சு வைத்திருக்கும்போதே சொன்னாள். பாவம், அந்த மனிதர் என்ன செய்வார்.

இந்த வருஷம் நான்தான் ஓடுவேன் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். நானும்தான் என்றான் கென்ட். இந்த வருஷத்திலிருந்து ஒரு குழந்தையோடு ஒரு பெரியவருக்குத்தான் அனுமதி. ஓட்டத்துக்கு முந்தின நாள், சட்டையில் குத்தும் நம்பர் வாங்கப் போகும்போது, உன்னோடு யார் வருகிறார்கள் என்று குழந்தையிடமே கேட்பார்கள். அது யாரைக் கை காட்டுகிறதோ அவர் மணிக்கட்டில் பட்டை கட்டுவார்கள். பார்க்கில் இது புது ஏற்பாடு. அவளே கை காட்டட்டும் என்று கென்ட் சொன்னபோது மார்லாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து அவள் சனிக்கிழமைக்கு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். வாரத்தில் பாதி நாள் அப்பா வீடு, பாதி நாள் அம்மா வீடு என்று ஓடுகிற பெண், இத்தனை பேர் நடுவில் அவன் பக்கம் கையை நீட்டிவிட்டால் நான் எதற்கு என்று நினைத்தாள். அதற்காகத்தான் இந்தப் பயிற்சி. பெண்ணைச் சொந்தக் காலில் எல்லைக் கோட்டைத் தாண்ட வைக்கப் போகிறவள் யார் என்று அவளுக்கே தெரிந்துவிட்டால், கை தானாக வரும்.

கென்ட்டின் வண்டி கார் நிறுத்துமிடத்துக்குள் திரும்பியது அப்போதுதான். இறங்கி வந்தவன் கையில் ரோஸ் இறகுகள் பிதுங்கும் ஒரு பை. ராய்ஸின் இடுப்பைப் பார்த்தான்.

"யாருக்காவது பிறந்தநாளா?"

"இல்ல. உனக்கு வெக்கம் செத்து ஒரு வருஷம் ஆச்சு. அதத்தான் கொண்டாடுறோம்" என்றாள் மார்லா.

"ஹேட்டிக்கு லேசி தைச்சது. போட்டுப் பாக்கட்டும்."

"என் பொண்ணு கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கப் போகல. ஓடப் போறா."

"அது கொக்கு இல்ல, பூநாரை."

"எதுவோ ஒண்ணு. போட்டோவுக்கு நிக்கிற ஜென்மம்தான?"

கென்ட் ஒரு கணம் மகளைப் பார்த்தான். ஹேட்டி குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினாள். அவன் மார்லா பக்கம் திரும்பினான்.

"சரி. நான்தான் நின்னேன். நான்தான் பஸ்ல ஏத்த வச்சேன். போதுமா? இன்னும் எத்தன வருஷம் இத வச்சு அரைக்கப் போற?"

"நீ உயிரோட இருக்கிற வரைக்கும்."

"நீ இவளுக்கு ஓடச் சொல்லித் தரல மார்லா. யாரப் பாத்து பயந்து ஓடணும்னு சொல்லித் தர்ற."

"உன் தத்துவத்தையெல்லாம் உன் பூநாரைகிட்ட வச்சுக்க. கிளம்பு."

அவன் பையை ராய்ஸ் கையில் திணித்துவிட்டுப் போனான். வண்டி தெருமுனை திரும்பும்வரை மார்லா இடுப்பில் கை வைத்து நின்றாள். ஒரு மாதிரி தெம்பாகக்கூட இருந்தது அவளுக்கு. "கேட்டியாடா, அவனே ஒத்துக்கிட்டான்" என்றாள் தம்பியிடம். "ம், ஓடு" என்றாள் மகளிடம்.

ஹேட்டி ஓடவில்லை. சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா. அப்பா நிக்கல."

"என்ன நிக்கல?"

"போட்டோவ நாங்க சீக்கிரம் எடுத்துட்டோம். பலூன்காரங்க ரொம்பப் பின்னாடிதான் இருந்தாங்க. நான்தான் பஸ்ல போகணும்னு கேட்டேன். அப்பா வேணாம் வேணாம்னாரு. நான் அழுதேன். அப்புறம் அவரும் என்கூட ஏறினாரு."

மார்லா திட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"கால் வலிச்சுச்சு. பஸ்ல ஏசி இருந்துச்சு. வாழப்பழம் குடுத்தாங்க. ஒரு அங்கிள் தாடியோட கடல்கன்னி வேஷம் போட்டிருந்தாரு. வழியெல்லாம் எல்லாரும் பாடிக்கிட்டே வந்தோம். மெடலும் குடுத்தாங்கம்மா, எல்லாருக்கும்." ஹேட்டியின் குரலில் அந்த பஸ்ஸின் சந்தோஷம் லேசாக எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. "எனக்கு அதுலயே பிடிச்சது பஸ்தான்."

ராய்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதை மென்று விழுங்கிவிட்டான்.

"ஏண்டி அன்னைக்கே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ அப்பாவுக்கு போன் போட்டுக் கத்த ஆரம்பிச்சுட்ட. அப்புறம் கடைல சொன்ன, சர்ச்ல சொன்ன. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்பா, பரவால்ல விடு, நான் பாத்துக்கறேன்னாரு."

அந்த இடத்தில் சிரித்திருக்கலாம். தாடி வைத்த கடல்கன்னிக்காகவாவது சிரித்திருக்கலாம். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அடிக் கழுதை என்று செல்லமாக ஒரு தட்டுத் தட்டியிருப்பாள். மார்லாவுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். ஹாம் கவுண்டரில் தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த போதெல்லாம் கென்ட்டுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நல்லவனாக இருந்திருக்கிறான். அதை அவளால் தாங்கவே முடியவில்லை.

"அப்போ அப்பனும் பொண்ணும் சேந்து ஒரு வருஷமா என்னைக் கோமாளியாக்கி வேடிக்க பாத்திருக்கீங்க."

"இல்லம்மா..."

"பேசாத. போ. அவன்கிட்டயே போ. சனிக்கிழம அவனையே கை காட்டு. ரெண்டு பேரும் பஸ்ல ஏறி வாழப்பழம் தின்னுங்க. நான் யாரு உனக்கு?"

ஹேட்டி அழவில்லை. அழுதிருந்தால் மார்லா ஒருவேளை இறங்கி வந்திருப்பாள். பெண் எழுந்தாள், காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள், யாரும் சொல்லாமலே மறுபடி ஓட ஆரம்பித்தாள்.

"அக்கா, போதும்" என்றான் ராய்ஸ். பலூன்களை அவிழ்த்துக் குப்பைத் தொட்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டு, அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்து வந்த நாட்களில் மார்லா அலமாரிகளை அறைந்து சாத்தினாள். வாடிக்கையாளர்களுக்கு ஹாமைக் கேட்டதைவிடத் தடிமனாக வெட்டித் தள்ளினாள். யாரோ ஒருத்தி, என்ன, உன் பழைய ஆளோட மறுபடி சண்டையா என்று வாயைக் கிளறினாள். "சீஸ் வேணுமா வேணாமா?" என்று கேட்டு அவள் வாயை அடைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் இல்லை. தினமும் சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது, இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்றுதான் நுழைவாள். உள்ளே ஹேட்டி சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்திருப்பாள். ஷூவைச் சுவரோரம் ஜோடியாக வைத்திருப்பாள். "அம்மா, ஓடப் போலாமா?" என்று அவளே கேட்பாள். முன்னெல்லாம் இவளை டிவி முன்னாலிருந்து எழுப்புவதற்குள் மார்லாவின் தொண்டை வற்றிவிடும். விட்டுப் போகப் போகிற பெண் கடைசியாக நல்லபடியாக நடந்துகொள்கிறாள் என்று மார்லா நினைத்தாள். நினைத்ததும் அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. "தண்ணி பாட்டில் எங்க?" என்று அதட்டினாள்.

சனிக்கிழமை பார்க்கின் பெரிய கூடத்தில் கூட்டம் நெரிந்தது. கடல்கொள்ளைக்காரர்கள், தேனீக்கள், ஒரு குடும்பம் முழுக்க இறால். நம்பர் கொடுக்கும் மேசையில் பெலிகன் தொப்பி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு குழந்தை கை காட்டும்போதும் அவள் ஒரு மணியை அடிக்க, வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

கென்ட்டும் லேசியும் முன்பே வந்து காத்திருந்தார்கள். லேசி நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தாள். "வெளில என்ன வெயில் இல்ல, மார்லா?"

"உனக்கென்ன, விசிறிக்க இறகு இருக்கு."

லேசி ஒரு அடி தள்ளி நின்றாள். கென்ட் பல்லைக் கடித்தான். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நிற்க, நடுவில் ஹேட்டி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். மார்லா, முடிந்தது என்று நினைத்தாள். நானே வாயால் சொல்லி அனுப்பிவிட்டேன், இனி அந்தக் கை எதற்கு என் பக்கம் வரப் போகிறது.

"உன்கூட ஓடப் போறது யாரு, செல்லம்?" என்றாள் தொப்பிக்காரப் பெண். "எங்க, கை காட்டு."

ஹேட்டி அப்பாவைப் பார்க்கவில்லை. நிமிரக்கூட இல்லை. கையை நேராக நீட்டி மார்லாவைக் காட்டினாள்.

மணி அடித்தது. கூட்டம் கை தட்டியது. மார்லாவுக்குக் கால் தரையில் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை அப்படியே அடக்கிக்கொண்டு கென்ட் பக்கம் திரும்பி, "பாத்துக்கிட்டியா?" என்றாள். கென்ட் மகளின் தலையில் கை வைத்து, "நல்லா ஓடு, கண்ணு. நாளைக்கு வேலி ஓரமா நின்னு கை தட்டுவேன்" என்றான். லேசி ஏதோ சொல்ல வர, அவள் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சண்டை போடாமல் போகிறானே என்று மார்லாவுக்கு ஒரு குறைகூட இருந்தது.

தொப்பிக்காரப் பெண் மார்லாவின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டையை இழுத்துக் கட்டினாள். "ஓட்டம் முடியற வரைக்கும் கழட்டக் கூடாது. வெட்டினாத்தான் வரும். வேற தர மாட்டோம்" என்றாள் சிரித்துக்கொண்டே. "இப்படி ஒரு அம்மா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும், இல்ல செல்லம்?"

"ஆமா" என்றாள் ஹேட்டி.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஹேட்டி அம்மாவின் விரல்களைப் பிடித்திருந்தாள். இறால் குடும்பம் அவர்களைத் தாண்டிப் போன பிறகு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"இப்போ கோவம் போயிடுச்சாம்மா?"

மார்லா நின்றுவிட்டாள். பெண் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணை எடுக்கவில்லை. கோபமே இல்லடி, அதெல்லாம் ஒன்றுமே இல்லை, உனக்கு யாரைப் பிடிக்கிறதோ அவரோடு போ என்று சொல்லத்தான் மார்லா வாயைத் திறந்தாள். ஆனால் வெளியே வந்தது பழகின குரல்தான்.

"போயிடுச்சுன்னா போயிடுச்சு. வா."

"சரிம்மா" என்றாள் ஹேட்டி அவசரமாக. "நாளைக்கு நான் ஒரு எடத்துலகூட நடக்க மாட்டேம்மா."